அவர் சரி செய்த வாட்ச்

நகை இல்லைக்கா. என் கைக்குட்டை முடிச்சையே பாக்குறீங்களே, அதனால சொல்றேன். அடகுக் கடைக்குப் போற முகமா இருக்கா எனக்கு? இருக்கும். இந்த பஸ்ல பாதிப் பேர் அதுக்குத்தானே போறாங்க. இது வாட்ச். எங்க வீட்டுக்காரரோட வாட்ச். காலையில நின்னு போச்சு. மணிக்கூண்டுகிட்ட ஒரு கடை இருக்கு, அங்க கொடுத்து ஓட வச்சு, அவர் தேடுறதுக்கு முன்னாடி திரும்பிப் போய் அலமாரியில வச்சிடணும். அவ்வளவுதான் விஷயம்.

திண்டுக்கல் வர்ற வரைக்கும் பேசிட்டு வரலாமாக்கா? உங்களுக்குத் தூக்கம் வந்தா தூங்குங்க, நான் பேசிட்டு வர்றேன். பேசாம இருந்தா கண்டதையும் நினைக்கிறேன். நீங்களும் நம்ம ஸ்டாப்லதானே ஏறினீங்க? ரேஷன் கடைக்குப் பின்னாடித் தெருவா? நான் சர்ச் தெரு. செலின்னு பேரு. பேரைச் சொன்னா தெரியாது, ஆல்பர்ட் சம்சாரம்னா தெரியும். ஆமாக்கா, அவரேதான். எதைக் கொடுத்தாலும் ஓட வச்சுடுவாருன்னு உங்க தெருவுலயும் பேசிக்கிறாங்களா? இன்னொரு தடவை சொல்லுங்க. கேக்க நல்லா இருக்கு.

குழந்தை அவர்கிட்ட இருக்கு. பொண்ணு. இப்பதான் சுவரைப் பிடிச்சு நடக்கிறா. அவளை விட்டுட்டு நான் எங்கயும் போறதில்ல, இன்னைக்குத்தான். கரண்ட் இல்லைங்கிறதால தைரியமா கிளம்பினேன். இன்னைக்கு ஷட்டவுன், சாயங்காலம்தான் வரும்னு லைன்மேன்கிட்டயே கேட்டுக்கிட்டேன். கரண்டுக்கும் குழந்தையை விட்டுட்டு வர்றதுக்கும் என்ன சம்பந்தம்னு பாக்குறீங்க. சொல்றேன். எல்லாம் இந்த வாட்ச்ல ஆரம்பிச்சதுதான்.

இது மாப்பிள்ளை வாட்ச். எங்கப்பா கல்யாணத்தன்னைக்குக் கோயில் வாசல்ல வச்சு அவர் கையில கட்டினது. பேட்டரி வாட்ச் இல்ல, சாவி கொடுக்கிறது. தினம் எழுந்ததும் சாவி கொடுக்கணும் மாப்பிள்ளை, மறந்துடாதீங்கன்னார் அப்பா. அவர் ஒரு நாள் மறந்ததில்ல. பல் விளக்குறதுக்கு முன்னாடி அதுக்குத்தான் சாவி. அப்ப அவர் ஸ்பின்னிங் மில்லுல ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். மில்லுல மணி பாக்கணும்னா சுவர்க் கடிகாரத்தைப் பாக்க மாட்டாங்க, ஆல்பர்ட் சார் கையைத்தான் பாப்பாங்கன்னு சொல்லுவார். கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார், இருந்தாலும் எனக்குப் பிடிக்கும்.

அப்புறம் மில்லை மூடிட்டாங்க. உங்களுக்கும் தெரிஞ்சிருக்குமே, அந்தப் பக்கம் எத்தனை வீடு. காலையில டிபன் பாக்ஸோட போனவர், டிபன் பாக்ஸைத் திறக்காம திரும்பி வந்தார். பாப்பா அப்ப கைக்குழந்தை. அவர் சண்டை போட்டிருந்தாக்கூடத் தேவலை. பேச்சு நின்னு போச்சு. சாப்பிடுங்கன்னா சாப்பிடுவார், போதும்னா எழுந்திருப்பார். வாட்சுக்கு மட்டும் சாவி கொடுத்துட்டே இருந்தார். எங்க போறதுக்கு, எந்த ஷிஃப்டுக்கு? ஆனா கொடுத்துட்டே இருந்தார்.

ஒரு நாள் அது நின்னுடுச்சு.

கடையில கொடுப்போம்னு நான் சொன்னேன். அதைச் சொன்னது தப்பா? எந்தப் பொம்பளையும் அதைத்தான் சொல்லுவா. கடைக்காரன்கிட்ட கொடுத்தா உள்ள இருக்கிற ஒரிஜினல் சாமானை உருவிட்டு மட்டமானதைப் போட்டு மூடிடுவான், உங்கப்பா வாங்கிக் கொடுத்தது, கண்டவன் கையில கொடுக்க மாட்டேன்னார். போன்ல வீடியோ இருக்கு, பாத்துச் செய்யலாம்னார். நான், இல்லைங்க, அது ரொம்ப நுணுக்கம்னு இழுத்தேன். அப்ப அவர் என்னை நிமிர்ந்து பாத்துக் கேட்டார், "என் கையில கட்டுற வாட்ச்சைப் பாக்கவும் இன்னொருத்தனா, செலின்?"

வேலை இல்லாத ஆம்பளை அப்படிக் கேட்டா என்ன பதில் சொல்றது? பாருங்கன்னேன்.

எவர்சில்வர் தட்டை எடுத்து வச்சு, சமையலறைக் கத்தியால மூடியை நெம்பினார். உள்ள பாத்திருக்கீங்களாக்கா நீங்க? அவ்வளவு சின்ன உலகம் அது. ஒரு பக்கம் சுத்தி, ஒரு பக்கம் மூச்சு விடுற மாதிரி ஆடி. அவர் கழட்டக் கழட்ட முகத்துல ஒரு வெளிச்சம் வந்தது. மில் மூடினதுக்கப்புறம் நான் பாக்காத முகம். அப்ப ஒரு திருகாணி துள்ளிப் போச்சு. எள்ளுல பாதி இருக்கும். வீட்டைப் பூரா பெருக்கினோம், காந்தத்தை வச்சுத் தேய்ச்சோம், பாயை உதறினோம். கிடைக்கல. மிச்சத்தை அரைகுறையா மாட்டி மூடி, ஓடாத வாட்ச்சை ஒரு சின்ன டப்பாவுல போட்டு, மாதா படத்துக்குக் கீழ வச்சுட்டு, பின்பக்கம் போனார்.

எங்க வீட்டுப் பின்னாடி கிணறு இருக்கு. இலை விழாம இருக்க மேல கம்பி வலை போட்டு மூடியிருக்கும். நான் துணி எடுக்கப் போறேன், வலையைக் கழட்டிச் சுவத்துல சாய்ச்சு வச்சிருக்கார். கைப்பிடிச் சுவத்துல உக்காந்திருக்கார். என்னங்க பண்றீங்கன்னேன். சுத்தம் பண்ணணும்னார். மறுநாளும் உக்காந்திருந்தார். சுத்தம் பண்ணல. வலையை மூடவும் இல்ல.

நான் குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு எத்தனை தடவை பின்பக்கம் போய்ட்டு வந்தேன் தெரியுமா. உப்பு இருக்கான்னு கேப்பேன், காக்கா கத்துதேன்னு சொல்லுவேன். எதையாவது. அவர் திரும்பிப் பாக்குற வரைக்கும் நிப்பேன்.

அதுக்கப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது. பாப்பாவுக்குத் தடுப்பூசின்னு சொல்லிட்டு, டப்பாவைப் பைக்குள்ள போட்டு இதே பஸ் ஏறினேன். மணிக்கூண்டுக் கடைக்காரர் பேர் தவமணி. வாயைத் திறந்தா கிண்டல்தான். டப்பாவைப் பாத்துட்டு, யாரும்மா இதைப் பிரேதப் பரிசோதனை பண்ணதுன்னார். வீட்டுக்காரரா, அப்ப பல்லு வலிச்சாலும் அவரே பிடுங்கிக்குவாரான்னார். நான் சிரிச்சுக்கிட்டேன். சிரிச்சாத்தானே வேலை நடக்கும். வேற வாட்ச்ல இருந்து திருகாணி எடுத்துப் போட்டு, ஓட வச்சுக் கொடுத்தார். மூடுறதுக்கு முன்னாடி மூடியோட உள்பக்கம் ஊசியால ஏதோ கீறினார். என்னங்க அதுன்னா, நம்ம கைக்கு வந்துட்டுப் போன வாட்சுன்னு அடையாளம், எல்லா வாட்ச்காரனும் போடுறதுதான்னார்.

வந்து சத்தமில்லாம டப்பாவுக்குள்ள வச்சேன். மாதா படத்துக்குக் கீழயே. அப்புறம் மெதுவா, என்னங்க அந்த டப்பாவுல ஏதோ சத்தம் கேக்குதுன்னேன்.

அக்கா, அவர் டப்பாவைத் திறந்து பாத்த முகத்தை நீங்க பாத்திருக்கணும். தான் மாட்டி வச்சதுதான் ஓடுதுன்னு நம்பிட்டார். மாட்டினது சரிதான் செலின், உள்ள செட் ஆக நேரம் எடுத்திருக்குன்னார். குழம்பு ஊத்தி ரெண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுக் கையைக் கழுவிட்டுப் பின்பக்கம் போனார். நான் பின்னாலயே ஓடினேன். கிணத்து மேல வலையைத் தூக்கிப் போட்டு மூடிட்டு இருந்தார்.

அந்த வலை மூடின சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. நீங்க சொல்லுங்க, இது பொய்யா?

நான் கான்வென்ட்ல படிச்சவக்கா. எங்க சிஸ்டர் ஃபிதேலிஸ் கிறிஸ்துமஸுக்கு முன்னாடி ஒரு பழக்கம் வச்சிருந்தாங்க. குடில்ல மாட்டுத் தீவனத் தொட்டியை வெறுமனே வச்சிடுவாங்க. யாருக்காவது ரகசியமா ஒரு நல்லது செஞ்சா, அவங்க போய் அதுல ஒரு வைக்கோல் போடலாம். பாலன் பிறக்கும்போது படுக்க மெத்தை வேணும்ல, அதுக்கு. ஆனா செஞ்சது யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா அது வைக்கோல் இல்ல, குப்பைம்பாங்க. வகுப்புலேயே நான்தான் நிறைய வைக்கோல் போட்டவ. பக்கத்துப் பிள்ளையோட ஹோம்வொர்க்கைக்கூட எழுதி அவ பைக்குள்ள வச்சிருக்கேன். அவ அந்த வருஷம் ஃபெயில் ஆனது வேற விஷயம்.

அப்புறம் எங்க வீட்டு ஃபேன் சுத்தறதை நிறுத்துச்சு. வாட்ச்சையே பாத்தவனுக்கு ஃபேன் என்னன்னு ஏணி போட்டார். மாட்டினதும் சுத்துச்சு, ஆனா தலைக்கு மேல கிறுகிறுன்னு ஆடுச்சு. கீழ பாப்பா தூளி. எங்க தெருக்கோடியில குமரேசன்னு எலக்ட்ரீஷியன். ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்காரர் சர்ச்சுல ரெண்டாம் பூசைக்குப் போவார், பாட்டுக் குழுவுல பாடுறார், நல்ல குரல். அந்த நேரத்துல குமரேசன் அண்ணனைக் கூப்பிட்டேன். வந்து பாத்துட்டு, கொக்கியிலேயே சரியா மாட்டலையே தங்கச்சின்னு சொல்லி இறுக்கிட்டுப் போனார். பூசை முடிஞ்சு வந்தவர் மேல பாத்துட்டு, ஆட்டம் தானா நின்னுடும்னு சொன்னேன்ல, பாத்தியான்னார்.

அப்புறம் அயர்ன் பாக்ஸ். அப்புறம் மிக்ஸி. அப்புறம் தெருவுல இருந்து வர ஆரம்பிச்சது. டீச்சர் வீட்டு டிவி, மளிகைக் கடைத் தராசு. எங்க வீட்டு முன்னறை ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடுச்சு. அவர் ராத்திரி சரி பண்ணி வைப்பார், நான் ஞாயித்துக்கிழமை குமரேசன் அண்ணனை வச்சுச் சரி பண்ணி வைப்பேன். திங்கக்கிழமை அவர் கொண்டு போய்க் கொடுப்பார். பாருங்க, எனக்கே சிரிப்பு வருது. டீச்சர் ஒரு தடவை எல்லார் முன்னாடியும் அவரை 'டாக்டர்'னு கூப்பிட்டாங்க. அன்னைக்கு வீட்டுக்கு வந்து பாப்பாவைத் தலைக்கு மேல தூக்கிச் சுத்தினார்.

இந்தக் குமரேசன் அண்ணன்தான் கொஞ்ச நாளா ஒரு மாதிரி பேசுறார். தங்கச்சி, எப்பவும் நான் பின்னாடியே வர முடியாது, ஆல்பர்ட் அண்ணன்கிட்ட சொல்லிடு, கரண்டு விளையாட்டுச் சாமான் இல்லைன்னார். எனக்குக் கோபம் வந்துடுச்சு. அவருக்கென்ன, நம்ம ஆளுக்குப் பேர் வருதேன்னு வயித்தெரிச்சல். சொல்லிடணுமாம். சொல்லிட்டு யார் கிணத்துப் பக்கம் காவல் உக்காந்திருக்கிறது, அவரா?

ஒரே ஒரு தடவை மாட்டிக்கப் பாத்தேன். சும்மா தூசி தட்டலாம்னு இந்த வாட்ச்சைத் திறந்தவர், மூடியைத் திருப்பிப் பாத்தார். செலின், இது என்ன கீறல், முன்னாடி இல்லையேன்னார். கம்பெனி நம்பரா இருக்கும்னேன். கொஞ்ச நேரம் பாத்துட்டே இருந்தார். அப்புறம் மூடிக் கட்டிக்கிட்டு, டீ இருக்கான்னு கேட்டார். நம்பிட்டார். பாவம், சின்னக் குழந்தை மாதிரி. நான் எது சொன்னாலும் நம்பிடுவார்.

டிக்கெட் எடுத்தாச்சுங்க கண்டக்டர். ரெண்டும் மணிக்கூண்டு. இந்தாங்க.

எதுல விட்டேன்? அப்புறம் வந்தது கீசர். அதான் இப்ப.

பனி ஆரம்பிச்சதும், பாப்பாவுக்கு வெந்நீர் வேணும், தினம் அடுப்புல வச்சுத் தூக்கிட்டு வர்றது ஆபத்துன்னார். நியாயம்தானே? ஏதோ லாட்ஜ்ல கழிச்சுப் போட்ட கீசர் காயலான் கடையில கிடந்திருக்கு. தூக்கிட்டு வந்துட்டார். அடியில கொஞ்சம் துரு, மத்தபடி நல்லாத்தான் இருந்தது. திறந்து, துருவைச் சுரண்டி, ஒயரெல்லாம் மாத்தி, பாத்ரூம் சுவத்துல மாட்டிட்டார். எனக்கு அந்த மூளைதான்கா ஆச்சரியம். மூணு பின் ப்ளக் நம்ம சுவிட்ச் போர்டுல நுழையல. வேற ஆளா இருந்தா போர்டையே மாத்தணும்பான். இவர் மேல இருக்கிற அந்தத் தடிச்ச பின்னை ஒடிச்சு எடுத்துட்டார். ரெண்டு பின்னுலயே ஓடுது பாரு, அது சும்மா பிடிமானத்துக்கு வச்சதுன்னார்.

ஏன்க்கா அப்படிப் பாக்குறீங்க?

ஓடிச்சுக்கா. வெந்நீர் வந்தது. நான் கையை வச்சுப் பாத்தேன், நல்ல சூடு. குழாயைத் தொட்டப்ப மட்டும் சுர்ருன்னு முழங்கை வரைக்கும் ஏறுச்சு. எறும்பு கூட்டமா கடிக்கிற மாதிரி. அவர்கிட்ட சொன்னேன். அவர் தொட்டுப் பாத்தார், எனக்கு ஒண்ணும் இல்லையேன்னார். அவர் ரப்பர் செருப்பு போட்டிருந்தார். நான் வெறுங்கால். உனக்குப் பனியில நரம்பு இழுக்குதுன்னு சிரிச்சார். நானும் சிரிச்சேன். மனசுக்குள்ள, ஞாயித்துக்கிழமை குமரேசன் அண்ணனை வரச் சொல்லிக்கலாம்னு வச்சுக்கிட்டேன். அதுவரைக்கும் பாப்பாவுக்கு அடுப்பு வெந்நீர்தான். நீங்க பயப்படுற மாதிரி நான் ஒண்ணும் விவரம் இல்லாதவ இல்ல.

ஆனா காலையில வாட்ச் நின்னுடுச்சு. அலமாரியில கழட்டி வச்சிருந்தார், நான்தான் முதல்ல பாத்தேன். அவர் பாத்ரூம்ல குழாயை இறுக்கிட்டு இருக்கார். பாடிட்டே இறுக்குறார். ஒரு பக்கம் கீசர், ஒரு பக்கம் வாட்ச். குமரேசன் அண்ணனைக் கூப்பிடலாம்னா இவர் வீட்டுலயே இருக்கார், எப்படிக் கூப்பிடுவேன்? கீசர் ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்கும். வாட்ச் இருக்காது. நின்ன வாட்ச்சை அவர் பாத்தா உடனே தட்டை எடுத்து வச்சுத் திறப்பார். இந்தத் தடவையும் ஏதாவது துள்ளிப் போகும். அப்புறம் பின்பக்கம் போவார். இந்த வாட்ச் நின்னா அவர் நின்னுடுவார்கா. மத்தது எல்லாம் அதுக்கப்புறம்தான்.

அதான் கண் டாக்டர்னு சொல்லிட்டுக் கிளம்பினேன். பாப்பாவைத் தூக்கப் போனா, கூட்டத்துல அவ எதுக்கு, என்கிட்ட விடு, கரண்ட் வந்ததும் இன்னைக்கு நானே என் கீசர்ல அவளைக் குளிப்பாட்டுறேன், நீ வர்றதுக்குள்ள பவுடர் போட்டு வச்சிருக்கேன்னார். நான் வர்ற வரைக்கும் இருங்களேன்னேன். அவர் சிரிச்சுக்கிட்டே கேட்டார், "நான் சரி பண்ணதுல எது நின்னிருக்கு, சொல்லு?"

கையில வாட்ச் முடிச்சோட நின்னுட்டு இருக்கேன்.

போகட்டும். அதான் சாயங்காலம் வரைக்கும் கரண்ட் இல்லையே. தவமணி அண்ணன் கையில கொடுத்தா, கிண்டல் பண்ணிக்கிட்டே உடனே பாத்துக் கொடுத்துடுவார். கரண்ட் வர்றதுக்கு முன்னாடி வீட்டுல இருப்பேன். அடுப்புல வெந்நீர் வச்சு நானே ஊத்திடுவேன், அவர் கேட்டா சளி பிடிச்சிருக்கு, ரொம்பச் சூடு வேணாம்னு ஏதாவது சொல்லிக்கலாம். எனக்கு வராததா.

உங்க போன் அடிக்குதுக்கா. எடுங்க, எடுங்க. நான் ஜன்னல் பக்கம் பாத்துக்கிறேன்.

பொண்ணா? என்னவாம்? அரிசி ஊற வச்சதை அரைக்கப் போட்டுட்டாளாமா? நல்ல பொண்ணு, சொல்லாமலே செய்யுதே. எங்க வீட்ல நான் சின்ன வயசுல ஆட்டுக்கல்லுல...

எதுல போட்டா?

கிரைண்டர்லயா?

நம்ம ஏரியாவுலயா? இப்பவா? கரண்ட் வந்து கொஞ்ச நேரம் ஆச்சாமா?

சாயங்காலம்னு சொன்னாரே அந்த லைன்மேன். நான் நின்னு கேட்டேனே. வேலை சீக்கிரம் முடிஞ்சிருக்கும்கிறீங்களா. இருக்கும். சரி. வந்தா என்ன. ஒண்ணும் ஆகாது. இதுவரைக்கும் எது ஆயிருக்கு? அன்னைக்கு நானே தொட்டுட்டு நிக்கிறேனே, எனக்கு என்ன ஆச்சு? சுர்ருன்னுச்சு, அவ்வளவுதான். நான் பெரியவ. நான்...

பாப்பா தண்ணியில உக்காந்துதான் குளிப்பா. டப்புல உக்கார வச்சா ரெண்டு கையாலயும் குழாயைப் பிடிக்கப் போவா. பளபளன்னு இருக்குல்ல.

அடிக்கிறேன்கா. அடிச்சுட்டுத்தான் இருக்கேன். ரிங் போகுது. இந்த முடிச்சைக் கொஞ்சம் பிடிங்க. எடுக்க மாட்டேங்கிறார். கை ஈரமா இருக்கும்.

ஹலோ. என்னங்க. நான்தான். ஒண்ணும் இல்ல, பஸ்லதான் இருக்கேன். பாப்பா எங்க? ... அப்படியா. இல்ல, காலையில அவளுக்கு உடம்பு லேசாச் சுட்டுச்சு, சொல்ல மறந்துட்டேன். இன்னைக்குக் குளிப்பாட்ட வேணாமே. ... இல்லைங்க, வெந்நீரும் வேணாம். ... சும்மா துடைச்சு விட்டாப் போதும். ... என்னங்க, நான் சொல்றதைக் கேளுங்களேன்.

சிரிக்கிறார்கா. காய்ச்சலுக்கு வெந்நீர்தான் நல்லதுங்கிறார். சுவிட்ச் போட்டாச்சாம். குழாயைத் திறந்து விட்டிருக்காராம், சூடு வந்ததும் டப்பை அடியில தள்ளணுமாம். பாப்பா டப்புக்குள்ள உக்காந்தாச்சாம். கையைத் தட்டுறாளாம்.

என்னங்க, முதல்ல சுவிட்சை அணைங்க. ... காரணம் அப்புறம் சொல்றேன். ... அன்னைக்கு எனக்கு அடிச்சுதுல்ல, அதான். ... நரம்பு இல்லைங்க. ... தெரியும், நீங்க சரி பண்ணதுதான். ஆனா...

அதையேதான் கேக்குறார்கா. நான் சரி பண்ணதுல எது நின்னிருக்குன்னு.

நான் என்ன பண்ணட்டும்? சொன்னா கிணறு. சொல்லலன்னா குழாய். நீங்க பக்கத்துல இல்லாட்டி என்னால சொல்ல முடியாது. என் கையைப் பிடிச்சுக்கோங்க.

என்னங்க. அந்த வாட்ச். நீங்க கழட்டி வச்ச வாட்ச். அதை நீங்க சரி பண்ணல. நான் மணிக்கூண்டுல ஒரு கடையில கொடுத்தேன். தடுப்பூசின்னு சொல்லிட்டுப் போனது அதுக்குத்தான். இப்பவும் அதுக்குத்தான் போறேன், அது நின்னுடுச்சு. கண் டாக்டர் இல்ல. கேக்குதா? என்னங்க?

தெரியுங்கிறார்.

அக்கா, தெரியுங்கிறார். மூடியில கீறலைப் பாத்த அன்னைக்கே தெரியுமாம். கம்பெனி நம்பர் இல்லைன்னு ஸ்டோர்ஸ்ல இருந்தவனுக்குத் தெரியாதாங்கிறார். நான் அவருக்காகச் செஞ்சதை நினைச்சு அன்னைக்கு நான் தூங்கினதுக்கப்புறம் ரொம்ப நேரம் கிணத்துப் பக்கம் நின்னுட்டு, திரும்பி வந்துட்டாராம். பரவாயில்ல செலின், வாட்ச் ரொம்ப நுணுக்கம், அதுக்கு வேற கை வேணும்னு புரிஞ்சுக்கிட்டேன்கிறார். குரல் எப்படி இருக்கு தெரியுமா? அவ்வளவு சாந்தமா இருக்கு. அழுகையா வருது எனக்கு. இத்தனை நாளும் நான்...

இருங்க. ஏதோ கேக்குறார்.

"வாட்ச் போகட்டும் செலின். மத்ததெல்லாம் நான்தானே?"

இதைத்தான்கா கேக்குறார். ஃபேன், மிக்ஸி, டீச்சர் வீட்டு டிவி. மத்ததெல்லாம் நான்தானேன்னு கேட்டுட்டு, பதிலுக்குக் காத்துட்டு இருக்கார். பின்னாடி பாப்பா கத்துறா. கையைத் தட்டிக் கத்துறா, சந்தோஷம் வந்தா அப்படித்தான் கத்துவா. தண்ணி விழுந்துட்டே இருக்கு.

இல்லைங்க.

ஒண்ணுகூட இல்லைங்க. எல்லாம் குமரேசன் அண்ணன். நீங்க பூசைக்குப் போனப்பல்லாம் வந்தார். ஒண்ணுகூட உங்க கையில ஓடலைங்க. கீசரை இன்னும் யாரும் பாக்கல. குமரேசன் அண்ணன் இன்னும் பாக்கல. அதைத் தொடாதீங்க. மெயினை அணைச்சுட்டு என் பிள்ளையைத் தூக்குங்க.

என்னங்க.

என்னங்க, இருக்கீங்களா?

கட் ஆகலைக்கா. லைன் இருக்கு, பாருங்க, நம்பர் ஓடிட்டு இருக்கு. அவர் பேசல. பாப்பா சத்தமும் கேக்கல. தண்ணி சத்தம் இருக்கா, நின்னுடுச்சா, இந்த பஸ் இரைச்சல்ல எனக்கு ஒண்ணும் புரியல. கண்டக்டர், வண்டியை நிறுத்துங்க. எங்கயாவது நிறுத்துங்க.

நீங்க கொஞ்சம் காதுல வச்சுப் பாருங்கக்கா. நான் கேக்க மாட்டேன். நீங்க கேட்டுச் சொல்லுங்க.